டெவலப்மென்ட்டில் ஓடுது, புரொடக்‌ஷனில் படுத்துடுது!

கேள்வி: எங்கள் மில்லில் எஸ்.ஏ.பி. என்ற நிர்வாக மென்பொருளில் புதிதாக எழுதிய ஸ்டாக் ரிப்போர்ட், புரோகிராம் எழுதும் டெவலப்மென்ட் சர்வரில் ஜோராக ஓடியது. நிஜ வேலை நடக்கும் புரொடக்‌ஷனுக்கு அனுப்பியதும் ‘டம்ப்’ அடித்து (பிழை காட்டி) நிற்கிறது. ஏன் சார்?
– வாசகி, கோவை

பதில்: மாப்பிள்ளை வந்துவிட்டார், தாலி வரவில்லை என்கிற கதைம்மா. ரிப்போர்ட் போயிருக்கும்; அது தேடுகிற டேபிளோ ஸ்ட்ரக்சரோ (தகவலை வைக்கும் அமைப்புகள்) பின்தங்கியிருக்கும். அதை உருவாக்கியபோது எந்த பேக்கேஜில் (தொகுப்பில்) வைப்பது என்று கேட்டிருக்கும்; அவசரத்தில் ‘லோக்கல் ஆப்ஜெக்ட்’ பட்டனை அமுக்கினீர்களா? அமுக்கியிருந்தால் அது டிரான்ஸ்போர்ட்டில், அதாவது அடுத்த சர்வருக்குப் போகும் வண்டியில், ஏறவே ஏறாது. ‘இசட்’ என்று தொடங்கும் உங்கள் பேக்கேஜுக்கு மாற்றி, புது ரெக்வெஸ்ட்டில் (மாற்றங்களைக் கட்டி அனுப்பும் மூட்டை) போட்டு அனுப்புங்கள்.

இல்லையென்றால் அது வேறொருவர் பெயரில் உள்ள ரெக்வெஸ்ட்டில், இன்னும் ரிலீஸ் ஆகாமல் தூங்கும். ரெக்வெஸ்ட்களைக் காட்டும் எஸ்.இ.10 திரையில் பாருங்கள். முதலில் ரெக்வெஸ்ட்டுக்குள் இருக்கும் டாஸ்க்கை (ஒவ்வொருவரின் வேலைப் பங்கு) ரிலீஸ் செய்து, பிறகு ரெக்வெஸ்ட்டை. பல ரெக்வெஸ்ட் இருந்தால், அவை ரிலீஸ் ஆன வரிசையில்தான் இம்போர்ட்டும் (அடுத்த சர்வரில் ஏற்றுவதும்). இம்போர்ட் முடிந்ததும் வரும் ரிட்டர்ன் கோட் 4 என்றால் எச்சரிக்கை. பலரும் பார்க்காமல் தாண்டிவிடுகிறார்கள், எனக்கு அது பிடிக்காது. 8 வந்தால் பிழை, லாகைத் (நடந்ததன் பதிவு) திறந்தே ஆக வேண்டும்.

ஒன்று: இம்போர்ட்டுக்கு ‘அன்டூ’ கிடையாது. பழைய வெர்ஷன் வேண்டுமென்றாலும் டெவலப்மென்ட்டில் மீட்டெடுத்து, மறுபடி க்வாலிட்டி (நடுவில் உள்ள சோதனை சர்வர்) வழியாகத்தான் போக வேண்டும். நடுவில் க்வாலிட்டியில் சோதித்தீர்களா என்று நீங்கள் எழுதவே இல்லையே!