வலை வைத்துத் தைக்கலாமா?

கேள்வி: டொக்டர் அம்மா, எனக்கு 56 வயது. குந்தியிருந்து கச்சான் பிடுங்கினால் கர்ப்பப்பை கையில் தட்டுப்படுகிறது. வலை வைத்துத் தைத்தால் திரும்ப இறங்காதாம், கனடாவில் இருக்கும் மகள் சொல்கிறாள். செய்யலாமா?
– வாசகி, தர்மபுரம்

பதில்: வலை என்பது, இறங்கிய கர்ப்பப்பையைத் தாங்க உள்ளே வைத்துத் தைக்கும் பிளாஸ்டிக் வலைத்துண்டு. அதை யோனி வழியாக வைப்பதென்றால், வேண்டாம் அம்மா. இறக்கம் திரும்புவது கொஞ்சம் குறையும், உண்மைதான். ஆனால் சிலருக்கு அது தோலை அரித்து வெளியே வருகிறது. இரத்தக் கசிவு, உறவின்போது நோ, அப்புறம் இன்னொரு ஒப்பரேஷன். சதையோடு ஒட்டிப்போன வலையை முழுதாக எடுப்பது லேசான வேலையில்லை. அமெரிக்காவில் 2019இல் அதன் விற்பனையையே நிறுத்தச் சொன்னார்கள். வயிற்று வழியாக வைப்பது வேறு விஷயம். முதலில் கிளினிக்கில் ரிங் (கர்ப்பப்பை இறங்காமல் தாங்க யோனிக்குள் வைக்கும் வளையம்) போட்டுப் பாருங்கள். சரிவராவிட்டால் உங்கள் சொந்தத் திசுக்களை வைத்தே தைக்கலாம். அதுவரை கச்சான் மூட்டையை வேறு யாராவது தூக்கட்டும்.