வாக்கர் என்றால் நடந்தவரா, மிதித்தவரா?

கேள்வி: நாங்கள் ஆங்கிலோ இந்தியக் குடும்பம். பெரம்பூரில் நான்கு தலைமுறையாக ரயில்வே வேலை. எங்கள் குடும்பப் பெயர் வாக்கர். ஜனவரியில் மகளுக்குத் திருமணம். மாப்பிள்ளை வீட்டார் பெயர் டக்கர். இணையத்தில் ஒரு கடையில் 'வாக்கர் குலச் சின்னமும் 700 ஆண்டு வரலாறும்' என்று கண்ணாடிச் சட்டம் போட்டு விற்கிறார்கள். அதை வாங்கி, சின்னத்தை அழைப்பிதழில் அச்சிடலாமா? இங்கிலாந்தில் ஊர் ஊராக நடந்து தபால் கொண்டுபோன ஒரு மூதாதையரால் இந்தப் பெயர் வந்தது என்று என் தாத்தா சொல்வார். அது உண்மையா?

பதில்: முதலில் சட்டைப் பையை மூடிக்கொள்ளுங்கள். சின்னத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தாத்தா சொன்னதில் கால் மட்டும் சரி. ஆனால் அந்தக் கால் நடந்த இடம் சாலை அல்ல, ஒரு தொட்டி. இடைக்கால இங்கிலாந்தின் செல்வம் ஆட்டு ரோமத்தில் இருந்தது. தறியிலிருந்து இறக்கிய கம்பளித் துணி அப்படியே உடுத்த உதவாது. இழைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரியும். ரோமத்தின் பிசுக்கும் நூற்கும்போது தடவிய எண்ணெயும் அதில் ஒட்டியிருக்கும். அதைத் தொட்டியில் போட்டு, தண்ணீரும் நாட்பட்ட சிறுநீரும் ஒருவகைக் களிமண்ணும் சேர்த்து, வெறுங்காலால் மணிக்கணக்கில் மிதிப்பார்கள். முகம் சுளிக்க வேண்டாம். சிறுநீர் நாட்பட்டால் அதில் அம்மோனியா உண்டாகும். அது பிசுக்கைக் கரைக்கும். ரோமானியரும் இதையேதான் செய்தார்கள். அந்தக் களிமண்ணும் உங்களுக்குத் தெரிந்ததுதான்: முகத்தில் பூசிக்கொள்ள நம் கடைகளில் விற்கும் முல்தானி மட்டி அதே வகை. மிதிக்க மிதிக்க ரோம இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு துணி சுருங்கும், தடிக்கும், காற்றும் மழையும் எளிதில் புகாத பதத்துக்கு வரும். பிறகு மரச் சட்டங்களில் வரிசையாக அடித்த கொக்கிகளில் அதை இழுத்து மாட்டி உலர்த்துவார்கள். தவிப்போடு காத்திருப்பவரைப் பற்றி, அவர் அந்தக் கொக்கிகளில் தொங்குகிறார் என்று ஆங்கிலத்தில் இன்றும் சொல்வது இந்தத் தொழில் விட்டுச்சென்ற பேச்சு.

இப்படித் துணி மிதித்தவர்தான் வாக்கர். பழைய ஆங்கிலத்தில் இதன் வேர்ச்சொல்லுக்கு உருட்டுதல், புரட்டுதல் என்று பொருள். நடத்தல் என்ற பொருள் அந்தச் சொல்லுக்குப் பின்னால் வந்து ஏறிக்கொண்டது. இன்றைய ஆங்கிலத்தை வைத்துப் பழைய பெயருக்குப் பொருள் சொல்லும்போது பலரும் தடுக்கி விழுவது இங்கேதான்; உங்கள் தாத்தாவை மட்டும் குறை சொல்ல முடியாது.

இனி உங்கள் சம்பந்தி வீட்டுக்கு வருவோம். ஒரே தொழிலுக்கு இங்கிலாந்தில் திசைக்கு ஒரு பெயர் இருந்தது. வடக்கிலும் நடுப்பகுதியிலும் அவர் வாக்கர். சசெக்ஸ், கென்ட், சஃபோக் என்று தென்கிழக்கில் அவரே ஃபுல்லர். லத்தீன் வழிச் சொல் அது. டெவன், சாமர்செட் முதலிய தென்மேற்கில் டக்கர். அதன் வேரான பழைய ஆங்கிலச் சொல்லுக்கு வதைத்தல் என்று பொருள். துணி பட்ட பாட்டை நினைத்தால் பொருத்தம்தான். ஆக மணமகள், மணமகன் இருவர் பெயருக்கும் ஒரே பொருள். உடனே ஒரே கோத்திரமோ என்று யாரும் கவலைப்பட வேண்டாம். நடுவே இருப்பது சில நூறு மைல் தூரமும் இரண்டு வட்டார வழக்குகளும் மட்டுமே. அயர்லாந்திலிருந்து வந்த டக்கர்களில் சிலருக்கு இந்தத் தொழிலோடு தொடர்பே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஓ துவாஹர் போன்ற ஐரிஷ் பெயர் ஆங்கிலேயர் வாயில் டக்கர் ஆனது. உங்கள் மாப்பிள்ளையின் முன்னோர் எந்த வகை என்பதைப் பெயரை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

காலால் மிதிக்கும் வேலையை நீராலைகள் சீக்கிரமே பிடுங்கிக்கொண்டன. யார்க்‌ஷயரிலும் குளோஸ்டர்‌ஷயரிலும் டெம்ப்ளர் என்னும் துறவு வீரர்களின் நிலங்களில் இருந்த இத்தகைய ஆலைகள் 1185-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பதிவாகியிருக்கின்றன. ஓடைத் தண்ணீர் சக்கரத்தைச் சுற்ற, மரச் சுத்திகள் துணியை இடிக்கும். கால் ஓய்ந்த பிறகும் ஆலை நடத்தியவருக்கு வாக்கர் என்ற பெயரே நீடித்தது. ஊர்ப் பெயர்களிலும் இந்த ஆலை ஒளிந்திருக்கிறது. கார்ன்வாலில் டக்கிங்மில் என்று ஓர் ஊர் உண்டு. வேல்ஸில் இந்த ஆலைக்குப் பான்டி என்று பெயர். டோனிபான்டி என்ற ஊர்ப் பெயரின் பின்பாதி அதுவே.

அப்படியானால் வாக்கர்கள் எல்லாரும் ஒரே வம்சமா? இல்லவே இல்லை. கம்பளி நெய்த ஊர் ஒவ்வொன்றிலும் ஒரு வாக்கர் இருந்தார். அது முதலில் குடும்பப் பெயரும் அல்ல, அடையாளக் குறிப்பு. ஜான் என்ற பெயரில் ஊருக்குப் பத்துப் பேர் இருந்தால் துணி மிதிக்கும் ஜான், ரொட்டி சுடும் ஜான் என்று பிரித்துச் சொல்வது போல. 1379-இல் வசூலித்த தலைவரியில் சாதாரண உழைப்பாளியைவிடக் கைவினைஞருக்கு வரி கூடுதல். அதனால் யார்க்‌ஷயரின் மேற்குப் பகுதி வரிப் பட்டியல்களில் பெயரோடு தொழிலையும் எழுதிவைத்தார்கள். தொழிற்பெயர் மெல்லக் குடும்பப் பெயராக இறுகிக்கொண்டிருந்த காலம் அது. தெற்கில் இந்த மாற்றம் முன்னதாகவும் வடக்கில் சற்றுத் தாமதமாகவும் நிகழ்ந்தது.

வேறு வழியாக வந்த வாக்கர்களும் உண்டு. நியூகாசில் நகரில் வாக்கர் என்றே ஒரு பகுதி இருக்கிறது. ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவரை ஒட்டிய சதுப்பு நிலம் என்பது அந்தப் பெயரின் பொருள். அங்கிருந்து வந்த சிலருக்கு ஊரே பெயரானது. ஸ்காட்லாந்தின் ஆர்கைல் பகுதியில் துணி மிதிப்பவரின் மகன் என்று பொருள்படும் கேலிக் மொழிப் பெயரை வைத்திருந்த குடும்பங்கள், அதை மொழிபெயர்த்து வாக்கர் என்று மாற்றிக்கொண்டன. மரபணு ஆய்வும் இதையே சொல்கிறது. லெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், அட்டன்பரோ போன்ற அரிய பெயர் கொண்ட ஆண்களிடம் ஒரே தந்தைவழி மரபணு அடையாளம் பெருமளவில் தென்பட்டது. ஸ்மித் போன்ற பரவலான பெயரில் அப்படி எதுவும் தென்படவில்லை. வாக்கரும் மிகப் பரவலான பெயர்தான்.

இப்போது சின்னத்தின் கதை. இங்கிலாந்தின் மரபுப்படி குடும்பப் பெயருக்குச் சின்னம் கிடையாது. சின்னம் ஒரு தனி மனிதருக்கு வழங்கப்படுவது. அவருடைய ஆண்வழிச் சந்ததியினருக்கு மட்டும் உரியது. இதை வழங்கிப் பதிவு செய்யும் அமைப்பு, 1484-இல் மூன்றாம் ரிச்சர்ட் அரசர் காலத்தில் நிறுவப்பட்ட காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ். லண்டனில் இன்றும் இயங்குகிறது. கடைக்காரர் உங்களுக்கு விற்கப் பார்ப்பது எப்போதோ வாழ்ந்த ஏதோ ஒரு வாக்கரின் சின்னம். அதை இங்கே அழைப்பிதழில் அச்சிட்டால் யாரும் வழக்குப் போட மாட்டார்கள். ஆனால் முன்பின் தெரியாதவரின் கையெழுத்தை உங்கள் பெயருக்குக் கீழே போட்டுக்கொள்வதற்கும் அதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. அந்த '700 ஆண்டு வரலாறு' எந்த வாக்கர் பணம் கட்டினாலும் அதே அச்சில் வரும்.

உங்கள் குடும்பத்தின் உண்மையான வரலாறு வேண்டுமென்றால் இங்கிலாந்திலிருந்து இந்தப் பக்கம் வராதீர்கள். பெரம்பூரிலிருந்து அந்தப் பக்கம் போங்கள். உங்கள் ஞானஸ்நானச் சான்று, அப்பாவுடையது, தாத்தாவுடையது என்று ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். மதராஸ் மாகாணத் தேவாலயங்களின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கப் பதிவுகளின் நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவை இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளி இணையதளத்தில் இவற்றின் பெயர் அட்டவணையைக் கட்டணமின்றித் தேடலாம். அந்த வரிசையில் பட்டாளத்துக்காரர் ஒருவர் அகப்பட்டால் அதிர்ஷ்டம். படையில் சேர்ந்தபோது எழுதிய பதிவுகளில் பிறந்த ஊரும் முன்பு செய்த தொழிலும் இருக்க வாய்ப்பு உண்டு. ஊர் தெரிந்துவிட்டால் அங்குள்ள தேவாலயப் பதிவேடுகளைப் பார்க்கலாம். 1538-இல் எட்டாம் ஹென்றி அரசரின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் போட்ட உத்தரவால் தொடங்கியவை அவை. எல்லா ஊரிலும் அவ்வளவு பழையவை எஞ்சவில்லை.

ஒன்றுக்கு மனத்தைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் ஆங்கிலப் பெயர் ரத்த வழியாக மட்டும் வந்ததல்ல. ஞானப் பெற்றோரின் பெயரையோ ஆதரித்து வளர்த்தவரின் பெயரையோ பெற்ற குழந்தைகளும் உண்டு. உங்கள் தேடல் மதராஸிலேயே ஒரு தாயின் பெயரோடு நின்றுபோனால் அதுவும் உங்கள் வரலாறுதான்.

அழைப்பிதழுக்கு ஏதேனும் சின்னம் வேண்டுமென்றே தோன்றினால், நீங்களே ஒன்று வரைந்துகொள்ளுங்கள்: ஒரு தொட்டி, அதில் இரண்டு ஜோடிக் கால்கள். இரு வீட்டுக்கும் பொருந்தும். திருமணத்துக்கு வரும் பெரியவர்களை விருந்து முடிந்ததும் எழுந்து போக விடாதீர்கள். கையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து, அவர்கள் பெற்றோருக்கு எந்தத் தேவாலயத்தில் ஞானஸ்நானம் நடந்தது, பழைய ரயில்வே பென்ஷன் காகிதங்கள் யார் வீட்டுப் பெட்டியில் இருக்கின்றன என்று கேளுங்கள்.