வலிச்சா உதறியிருக்காதா?

அன்புள்ள அக்கா,
ஹாங்சோ ஏசியன் கேம்ஸ்ல நம்ம டீம் ட்ரெஸ்ஸாஜ்ல, அதான் குதிரைய விதவிதமா அழகா நடக்க வைக்கிற போட்டில, தங்கம் வாங்குன வீடியோவ பாத்ததுலேர்ந்து என் பொண்ணுக்கு குதிரைப் பைத்தியம். ரைடிங் கிளாஸ்ல சேக்கலாமான்னு தேடுனா, கழுத்த மடக்கி ஓட்டுறது கொடுமைன்னு ஒரே சண்டையா இருக்கு. எனக்கு அந்த வளைஞ்ச கழுத்து அழகாத்தான் தெரியுது. வலிச்சா அரை டன் மிருகம் ஆளத் தூக்கி எறிஞ்சிருக்காதா?
உமா

அன்புள்ள உமா,
உங்க கடைசி வரிக்காகத்தான் உடனே உக்காந்து எழுதுறேன், ரொம்ப நாளா எனக்குள்ள குடைஞ்சிட்டிருக்க விஷயம் அது. என்னமோ ஒரே வரில கேஸ முடிச்சிட்டீங்களேம்மா! ஓநாய்க்கு இரையா இருந்த சாதி அது, நொண்டுறது வெளில தெரிஞ்சா அன்னிக்கே கதை முடிஞ்சது, அதனால முடிஞ்சவரைக்கும் வலிய காட்டாது. போதாததுக்கு உதறுனா அடி, அடங்குனா லகான் தளரும்னு நாமளே குட்டிலேர்ந்து பழக்கி வச்சிருக்கோம். அப்புறம் அது சும்மா நிக்கிறதயே சாட்சியா காட்டுறோம்.

சின்ன வயசுல பழனில எங்க சித்தப்பா வீட்டுப் பக்கம் ஒரு ஜட்கா குதிரை இருந்துச்சு. அவ்ளோ சாது, பசங்க வால இழுத்தாக்கூட திரும்பாது. ஒருநாள் மாட்டு டாக்டர் வாயத் திறந்து பாத்தா, கீழ்த்தாடைல பல்லு இல்லாத இடம் இருக்கே, கடிவாள இரும்பு உக்கார்ற இடம், ரெண்டு பக்கமும் புண்ணு. வண்டிக்காரர் கெட்டவர் இல்ல, தான் சாப்புடுறதுக்கு முன்னாடி அதுக்குக் கொள்ளு வைக்கிற மனுஷன். அது ஒண்ணும் சொல்லலியேன்னு அழுதாரு.

இத்தனைக்கும் ட்ரெஸ்ஸாஜ் ரூல்புக்லயே பிடரி உச்சிதான், அதாவது காதுக்குப் பின்னாடி இருக்க இடம்தான், ஒசரமா இருக்கணும், மூக்கு செங்குத்துக் கோட்டுக்கு கொஞ்சம் முன்னாடி நிக்கணும்னு இருக்கு. ரோல்குர்னு சொல்றது நேர் எதிர், முகவாய் நெஞ்சத் தொடுற அளவுக்கு மடக்குறது. குதிரையால வாயால மூச்சு விட முடியாது, மூக்கு மட்டும்தான், அந்த மடிப்புல தொண்டைப் பாதை குறுகிடும். பார்வையும் போச்சு, முன்னாடி என்ன இருக்குன்னு பாக்க முடியாம கால்கிட்ட இருக்க தரையப் பாத்துக்கிட்டே ஓடணும். 2009ல டென்மார்க் ஒடென்ஸேல வார்ம்-அப்ல நாக்கு நீலமா வெளில தொங்குன குதிரையோட வீடியோ வந்து உலகமே கொதிச்சப்பறம், 2010ல சர்வதேச குதிரையேற்ற சம்மேளனத்துக்காரங்க சுவிட்சர்லாந்து லொசான்ல கூடி, முரட்டுத்தனமா இழுத்து மடக்கக் கூடாதுன்னாங்க. ஆனா முரட்டுத்தனம் இல்லாம தாழ்த்தி வளைக்கிறது ஓகேவாம்! முரடா இல்லையான்னு யார் சொல்றது? மேல உக்காந்திருக்கவர் கை சொல்லாது. குதிரையும் சொல்லாது, அதான் இவ்ளோ நேரமா கத்திட்டிருக்கேன். சொல்ல விடாம வாய இறுக்கிக் கட்டுற மூக்குப்பட்டை வேற, அது எவ்ளோ இறுக்கம்னு போட்டியில அளக்க ஒரு கருவி கொண்டு வர்றதுக்கே 2025 ஆயிடுச்சு.

அந்த 2023 தங்கத்த நான் குறை சொல்லல, பசங்க வருஷக்கணக்கா ஐரோப்பாவுல கிடந்து உழைச்சாங்க. அழகா இருக்குன்னீங்களே, இருக்கட்டும், அதுல எனக்கு வாதம் இல்ல.

ஆங், கிளாஸ்! தாராளமா சேத்து விடுங்க. மொத நாளு ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடி லாயத்துக்குப் போங்க, சேணம் கட்டி நிக்கிற குதிரையோட மூக்கெலும்பு மேல, கன்னத்துப் பக்கம் இல்ல மேல, பட்டைக்கு அடில ரெண்டு விரல் நுழையுதான்னு கேட்டுட்டு விட்டுப் பாருங்க. நுழையலன்னா வேற இடம் தேடுங்க. விட்டுப் பாக்க வேணாம்னு தடுத்தாங்கன்னாலும்தான்.