மேக்புக்கின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து டிஏசிக்கு ஆப்டிகல் இணைப்பு கொடுக்க முடியுமா?

கேள்வி 2012 மேக்புக் ப்ரோ பற்றியது: டிஏசியில் (டிஜிட்டல் ஒலியை ஆம்ப்ளிஃபையருக்கு ஏற்ற அனலாக் சிக்னலாக மாற்றும் பெட்டி) ஆப்டிகல் இன்புட், அதாவது சிக்னலை ஒளியாக வாங்கும் துளை, இருக்கிறது, லேப்டாப்பில் அதற்கான துளையே காணோம் என்கிறீர்கள்.

துளை இருக்கிறது. ஹெட்ஃபோன் செருகும் அதே 3.5 மி.மீ. துளைதான் ஆப்டிகல் அவுட்டும். 2015 வரை வந்த மேக்புக் ப்ரோக்களில் இந்த வசதி உண்டு, 2016 மாடலில் எடுத்துவிட்டார்கள்.

வாங்க வேண்டியது ஒரு முனையில் மினி டாஸ்லிங்க் (ஹெட்ஃபோன் பின் வடிவம், லேப்டாப்புக்கு), மறுமுனையில் சதுர டாஸ்லிங்க் (டிஏசிக்கு) உள்ள ஆப்டிகல் கேபிள். முனைகளில் இருக்கும் குட்டி பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிவிட்டுச் செருகுங்கள்; பாதிப் பேர் சத்தம் வரவில்லை என்று புலம்புவது இதனால்தான். லேப்டாப் பக்கம் செருகியதும் மறுமுனையில் சிவப்பு வெளிச்சம் தெரிய வேண்டும். கேபிளை மடக்காதீர்கள், உள்ளே போவது ஒளி.

சவுண்ட் செட்டிங்ஸில் அவுட்புட் 'டிஜிட்டல் அவுட்' என்று மாறியிருக்கும். அப்புறம் கீபோர்டின் வால்யூம் பட்டன்கள் வேலை செய்யாது, சிக்னல் முழு அளவில்தான் போகும். அதனால் பாட்டைப் போடுவதற்கு முன் ஆம்ப்ளிஃபையரைக் குறைத்து வையுங்கள்.

மேக்கிலேயே இருக்கும் ஆடியோ மிடி செட்டப் ஆப்பில் சாம்பிள் ரேட்டை (நொடிக்கு எத்தனை ஒலி மாதிரிகள் என்ற எண்) பாருங்கள்; சிடி பாடல்களுக்கு 44,100 ஹெர்ட்ஸ் போதும். பெரிய எண்ணைத் தேர்ந்தெடுத்து டிஏசி ஊமையாகிவிட்டால் 96,000 அல்லது அதற்குக் கீழே இறக்குங்கள்.

சரி, டிஏசியில் யூஎஸ்பி இருந்தால்? அதையே போடுங்கள், வேலை சுலபம். சார்ஜர் மாட்டும்போது ஸ்பீக்கரில் 'ஊம்' என்று இரைச்சல் வந்தால் மட்டும் ஆப்டிகலுக்கு மாறலாம். அதில் மின்தொடர்பே இல்லாததால் லேப்டாப் வழியாக அந்த இரைச்சல் வராது.