துன்பம், மரணம், நித்திய ஜீவன்: வேலூர் வட்டாரக் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற ஆயரின் பதில்கள்

கேள்வி (குடியாத்தம், ஒரு சகோதரி): என் கணவருக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்துவிட்டதால், வாரந்தோறும் வேலூருக்கு டயாலிசிஸுக்கு வருகிறோம். வீட்டில் மறைந்திருக்கும் பாவமே காரணம் என்கிறார்கள் உறவினர்கள். அப்படித்தானா ஐயா?

பதில்: இல்லை அம்மா. பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்கள் இதையே கேட்டபோது, "அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல" என்றார் ஆண்டவர் இயேசு (யோவான் 9:3). சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த 18 பேரும் எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் அல்ல என்று சொன்ன அவர், கேட்டுக்கொண்டிருந்தவர்களைத்தான் மனந்திரும்பச் சொன்னார். ஆகவே பிறர் துன்பத்தைக் காணும்போது நாம் ஆராய வேண்டியது நம் இருதயத்தையே தவிர, படுத்திருப்பவரின் பாவக் கணக்கை அல்ல. பெருந்துன்பத்தில் விழுந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறவாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். காரணம் கற்பிக்கத் தொடங்கிய பிறகே கர்த்தருடைய கோபத்துக்கு ஆளானார்கள். உங்கள் உறவினர்களும் ஒருநாள் உங்களோடு வந்து, டயாலிசிஸ் முடியும்வரை அந்த வராந்தா பெஞ்சில் காத்திருக்கட்டும்.

கேள்வி (ராணிப்பேட்டை, கல்லூரி மாணவர்): அன்புள்ள தேவன் வலியை ஏன் படைத்தார்?

பதில்: தம்பி, இதற்குப் பாதி விடையை நம் ஊரே தந்திருக்கிறது. 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, உணர்ச்சியற்ற கைகளில் படும் காயங்களாலேயே சிதைகின்றன என்று கண்டறிந்தார். கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கியும் சூடு தெரியாத ஒருவரின் உள்ளங்கையைப் பார்த்தவர்கள், வலி உடலுக்கு எவ்வளவு பெரிய காவல் என்பதை அறிவார்கள். ஆனாலும், புற்றுநோயில் துடிக்கும் ஒரு குழந்தைக்கு இந்த விளக்கம் போதாது. அந்தக் கட்டிலருகே நான் சொல்லக்கூடியது, சிலுவையில் "என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று கதறியவரே நம் தேவன் என்பது மட்டும்தான்.

கேள்வி (ஆரணி): அம்மா இறந்து மாதங்கள் ஆகியும் அழுகை நிற்கவில்லை. இது அவிசுவாசமா?

பதில்: இல்லை. இறந்துபோன லாசருவைச் சில நிமிடங்களில் உயிரோடு எழுப்பப்போகிற இயேசுவே அவன் கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார். நம்பிக்கையற்ற மற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்றுதான் பவுல் எழுதினாரே தவிர, துக்கிக்கவே கூடாது என்று எழுதவில்லை.

கேள்வி (காட்பாடி, முதியவர்): நோய் முற்றிவிட்டதை என் பிள்ளைகள் என்னிடம் மறைக்கிறார்கள், எனக்குத் தெரியும். நான் எப்படி ஆயத்தப்படுவது?

பதில்: ஐயா, முதலில் உங்களுக்குத் தெரியும் என்பதைப் பிள்ளைகளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், இரு தரப்பும் நடித்துக்கொண்டிருந்தால் விடைபெறவே நேரமிருக்காது. மரணத்துக்கு ஏதுவான வியாதியிலிருந்த எசேக்கியா ராஜாவுக்கு, "நீர் உமது வீட்டுக்காரியத்தை ஒழுங்குப்படுத்தும்" என்ற வார்த்தையே வந்தது. உயில், கடன், பாகப்பிரிவினை ஆகியவை ஆவிக்குரிய காரியங்கள் அல்ல என்று ஒதுக்கிவிடாதீர்கள். வரப்புத் தகராறில் ஆண்டுக்கணக்காகப் பேசாதிருந்த தம்பியை ஆள்விட்டு அழைத்து, அவர் கையால் ஒரு டம்ளர் கஞ்சி வாங்கிக் குடித்த பின்பே திருவிருந்து கேட்ட ஒரு நோயாளியை நான் அறிவேன். அவருடைய ஜெபம் அதற்குப் பிறகு மிகச் சுருக்கமாகிவிட்டது. நித்திய ஜீவன் நம் நற்செயல்களுக்குக் கிடைக்கும் கூலி அன்று. இயேசுவின் அருகே சிலுவையில் தொங்கிய கள்ளனுக்குத் திருத்திக்கொள்ள நாளே மிஞ்சவில்லை. "என்னை நினைத்தருளும்" என்று மட்டுமே கேட்டான், அன்றைக்கே பரதீசைப் பெற்றான். பயம் வந்தால் அதையும் ஆண்டவரிடமே சொல்லுங்கள். சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் வியாகுலப்பட்டவருக்கு அது புதிதல்ல.

கேள்வி (வாலாஜா): அப்பாவுக்கு ‘மார்பின்’ (morphine) என்ற வலி தணிக்கும் மாத்திரை எழுதித் தந்திருக்கிறார்கள். வலியைச் சகிப்பதுதானே சிலுவை சுமப்பது? கொடுப்பது பாவமாகுமா?

பதில்: பாவமில்லை. கிறிஸ்துவின் நிமித்தம் நாமே ஏற்றுக்கொள்வது சிலுவை. நோயின் வலியைத் தணிப்பது இரக்கம். வலி அடங்கினால்தான் அவரால் தூங்கவும், உங்களோடு பேசவும், சங்கீதம் வாசிப்பதைக் கேட்கவும் முடியும். மருத்துவர் எழுதிய அளவில், எழுதிய நேரத்தில் தவறாமல் கொடுங்கள்; மயக்கம் கூடினாலோ மலச்சிக்கல் வந்தாலோ உடனே அவரிடம் தெரிவியுங்கள்.