எது அசல் கெம்போ?

அன்புள்ள ஐயா,

கோவையில் இரண்டு வருடமாகக் கெம்போ கராத்தே பழகுகிறேன். காஞ்சியிலிருந்து போன போதிதர்மர் ஷாவோலினில் கற்றுக்கொடுத்த கலை இது என்கிறார் எங்கள் மாஸ்டர். பக்கத்துத் தெரு மாஸ்டரோ எங்களுடையது அமெரிக்கச் சரக்கு, அசல் கெம்போ ஜப்பானில்தான் என்கிறார். எது அசல்? வேறு வகுப்புக்கு மாறட்டுமா? பெல்ட் தேர்வுக்குப் பணமும் அதிகம் கேட்கிறார்கள். முழங்கால் வேறு வலிக்கிறது.

ர.

அன்புள்ள ர.,

முழங்கால் வலியைக் கடைசி வரியிலா எழுதுவது? முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். சரியாகும்வரை குதிக்க வேண்டாம். பெல்ட் கட்டணம் உங்கள் பஞ்சாயத்து, என்னை இழுக்காதீர்கள்.

‘எது அசல்’ என்று கேட்டீர்களே, அதற்காகத்தான் எழுதுகிறேன். நம்மவர்களுக்கு இந்த வம்சாவளிப் பித்து ஏன் என்று கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கெம்போ என்று பலகை மாட்டியவர்கள் எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள் இல்லை. சவாயாமா முனேஓமி 1932இல் ஒசாகா பக்கம் தொடங்கிய நிப்பான் கெம்போவில் முகத்துக்கும் மார்புக்கும் கவசம் மாட்டி முழு வேகத்தில் அடித்துக்கொள்வார்கள். 1947இல் ஷிகோகு தீவின் தடோட்சுவில் சோ டோஷின் தொடங்கிய ஷோரின்ஜி கெம்போவில் ஜோடிப் பயிற்சிதான் உயிர். ஒகினாவா கெம்போ தனி. உங்களுடையது அநேகமாக ஹவாய் வழி.

அந்த ஹவாய் வழியின் முதல் ஆள் ஜேம்ஸ் மிட்டோசே. 1940களில் ஹோனலூலுவில் கற்றுக்கொடுத்தார். கோயிலில் வளர்ந்த குடும்பக் கலை, தான் இருபத்தோராம் தலைமுறை என்றார். ஆனால் 1953இல் அவர் வெளியிட்ட நூலின் படங்களில் ஒகினாவா கராத்தே ஆசான் மோட்டோபு சோகியின் 1926ஆம் ஆண்டு நூலின் சாயல் இருப்பதைப் பலரும் காட்டிவிட்டார்கள். பிற்காலத்தில் கொலை வழக்கில் தண்டனை பெற்று 1981இல் சிறையிலேயே இறந்தார். சரி, அதனால் கலை கெட்டுப்போயிற்றா? அவரிடம் பழகிய வில்லியம் சௌ, சௌவிடம் பழகிய எட் பார்க்கர் என்று அது ஓடிக்கொண்டேதான் இருந்தது. பார்க்கர் 1956இல் பாசடீனாவில் பள்ளி திறந்தார். அமெரிக்கத் தெருச் சண்டைக்குத் தகுந்தபடி எல்லாவற்றையும் பிரித்துக் கோத்தார். அவருடைய ‘ஐந்து வாள்கள்’ அடவைப் பாருங்கள். எதிராளியின் வலக்கை சுற்றி வரும்போது பின்வாங்காமல் உள்ளே புகுந்து தடுக்க வேண்டும். தடுத்த வலக்கையே திரும்பிக் கழுத்தை வெட்டும். இடது உள்ளங்கை முகத்துக்குப் போகும், வலது முஷ்டி அடிவயிற்றுக்கு. இதைப் பல்லவ இளவரசர் சொல்லிக்கொடுத்தால்தான் வலிக்குமா?

நான் கராத்தே பழகிய இடத்திலும் சுவரில் போதிதர்மர் இருந்தார். கும்பிட்டுவிட்டுத்தான் குத்துவோம். பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் ஷாவோலின் மடமே 495 வாக்கில் பாத்துவோ என்ற வேறொரு இந்தியத் துறவிக்காக எழுந்தது. போதிதர்மரைப் பேசும் மிகப் பழைய சீன நூல், 547 வாக்கில் வந்தது, அவரைப் பாரசீகர் என்கிறது. தென்னிந்தியர் என்பது அதற்கடுத்த குறிப்பு. இரண்டிலும் சண்டை பற்றி ஒரு வரி இல்லை. அவர் பெயரில் ஓடும் யிஜின் ஜிங் என்ற உடற்பயிற்சி நூல் 17ஆம் நூற்றாண்டுச் சரக்கு. தாங் ஹாவோ என்ற சீன ஆய்வாளர் 1930களிலேயே அதைக் கிழித்துத் தொங்கவிட்டார். நாம் இன்னும் அதற்குச் சூடம் காட்டிக்கொண்டிருக்கிறோம்.

எனக்குப் பிடித்தவர்கள் கஜுகென்போக்காரர்கள். 1947இல் ஹோனலூலுவின் பலாமா பகுதியில் ஐந்து பேர் கூடினார்கள். ஒருவர் சௌவின் மாணவர் எம்பெராடோ. கராத்தே, ஜூடோ, ஜுஜுட்சு, கென்போ (நம் கெம்போதான்), பாக்ஸிங் எல்லாவற்றையும் போட்டு அடித்துப் பார்த்து, நின்றதை மட்டும் வைத்துக்கொண்டார்கள். சேர்மானத்தைப் பெயரிலேயே எழுதிவிட்டார்கள். ஆயிரத்தைந்நூறு வருடக் கதை எதுவும் கட்டவில்லை.

வகுப்பு மாறுவதா? உங்கள் மாஸ்டரிடம் அவருடைய மாஸ்டர் பெயரைக் கேளுங்கள், அவருக்கு முந்தியவர் பெயரையும் கேளுங்கள். தயங்காமல் சொன்னால் அங்கேயே இருங்கள். அதற்கு மேலே போய் அவர் நேராகக் காஞ்சிக்குத் தாவினால், பெரியவர், விடுங்கள், தலையாட்டிவிட்டுப் பயிற்சிக்குப் போங்கள்.