முக்கோணத்தில் கோண இருசமவெட்டி எதிர்ப்பக்கத்தையும் சரிபாதியாக வெட்டுமா?

வெட்டாது. கோணத்தைச் சமமாகப் பிரிக்கிற கோடு எதிரே உள்ள பக்கத்தையும் சமமாகப் பிரிக்கும் என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் பக்கத்தைப் பாதியாக்குவது, உச்சியை எதிர்ப்பக்கத்தின் நடுப்புள்ளியோடு இணைக்கும் நடுக்கோட்டின் வேலை. கோணத்தை அடக்கும் இரு பக்கங்களும் சமமாக இருந்தால் மட்டுமே இரண்டும் ஒரே கோடாக அமையும்.

முக்கோணம் கசத-வில் கச 6 செ.மீ., கத 4 செ.மீ., சத 5 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். க-வில் உள்ள கோணத்தின் இருசமவெட்டி, சத-வை ப என்ற புள்ளியில் தொட்டால் சப 3 செ.மீ., பத 2 செ.மீ. அதாவது 6:4 என்ற அதே விகிதம். பண்டைய கிரேக்கக் கணிதர் யூக்ளிட் தன் ‘எலிமெண்ட்ஸ்’ ஆறாம் புத்தகத்தில் மூன்றாவதாக நிறுவுவது இதைத்தான்.

ஏன் அப்படி? இருசமவெட்டியின் மேல் எந்தப் புள்ளியை எடுத்தாலும், கோணத்தின் இரு கைகளுக்கும் அதிலிருந்து செங்குத்துத் தூரம் ஒன்றே. எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. ப-வுக்கும் அப்படியே. ஆகவே கசப, கதப என்ற இரு முக்கோணங்களுக்கும் கச, கத-வை அடிப்பக்கமாக எடுத்தால் உயரம் சமம். பரப்புகளின் விகிதம் 6:4. சரி, இப்போது அதே முக்கோணங்களைச் சத-வின் மேல் நிற்பவையாகப் பாருங்கள். இரண்டுக்கும் உச்சி க, எனவே உயரம் மறுபடியும் ஒன்றே. பரப்புகளின் விகிதம் சப:பத. பரப்பு மாறவில்லையே, அப்புறம் விகிதம் மட்டும் எப்படி மாறும்? பாடநூலில் வரும் இணைகோடு வரையும் நிரூபணத்தைவிட எனக்கு இதுதான் பிடிக்கும்.

மூன்று கோணங்களின் இருசமவெட்டிகளும் ஒரே புள்ளியில் சந்திப்பதற்கும் அந்தச் சம தூரமே காரணம். அதுவே உள்வட்ட மையம், அதாவது மூன்று பக்கங்களையும் உள்ளிருந்து தொடும் வட்டத்தின் மையம்.